கையால் எழுதிய வரிக்குக் கீழே எந்த எழுத்துரு?

கேள்வி, பிப்ரவரி 3

"அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்பதைப் பிரஷ் பேனாவால் நாலு வரியாக எழுதி ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். கீழே பொருள் விளக்கமாக ஒரு சின்ன வரி டைப் செய்து சேர்க்க வேண்டும். இதுவரை 17 எழுத்துரு போட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்றும் ஒட்டவில்லை. கையெழுத்துக்குக் கையெழுத்துச் சாயல் உள்ள எழுத்துருதான் பொருந்தும் என்பது என் எண்ணம். அப்படி நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

பொருந்தாது. பதினேழும் தோற்றதற்கு அந்த எண்ணமேகூடக் காரணமாக இருக்கலாம்.

உங்கள் வரியில் அ மூன்று முறை வருகிறது. கையால் எழுதும்போது மூன்றும் மூன்று விதம். முதல் அ-வில் சுழி கொஞ்சம் பெரிதாகியிருக்கும், மூன்றாவது வரும்போது மை குறைந்து ஓரம் பிசிறியிருக்கும். டைப் செய்த வரியில் எத்தனை அ வந்தாலும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றே. சாதாரணப் புத்தக எழுத்துருவில் இது யார் கண்ணையும் உறுத்தாது, அங்கே அதைத்தான் எதிர்பார்க்கிறோம். கையெழுத்து வேடம் போட்ட எழுத்துருவில் உறுத்தும். அதுவும் நிஜக் கையெழுத்துக்குக் கீழேயே உட்கார்ந்தால் வேடம் உடனே கலையும். பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று அவர் குரலில் மிமிக்ரி செய்தால் எப்படி இருக்கும், அப்படி.

கவிவாணர் மாதிரி எழுத்துருக்களைக் குறை சொல்லவில்லை. சாய்ந்த, கையால் எழுதிய தோரணை அதற்கு. தனியாகத் தலைப்பில் நின்றால் அழகு. இன்னொரு கையெழுத்துக்குத் துணை போகச் சொன்னால் இரண்டும் முறைத்துக்கொள்கின்றன. லத்தீன் (ஆங்கில) எழுத்தில் 2010-இல் வந்த லாப்ஸ்டர் எழுத்துருவில், பக்கத்து எழுத்தைப் பார்த்து உருவம் மாறும்படி இணைப்பெழுத்துகள் ஏராளம். அவ்வளவு மெனக்கெட்டும் மூன்றாவது சொல்லில் கண்டுபிடித்துவிடலாம்.

பிப்ரவரி 4, காலை

நேற்று "பொருந்தாது" என்று சொல்லிவிட்டு எது பொருந்தும் என்று சொல்லாமல் தூங்கப் போய்விட்டேன்.

நான் முதலில் கேட்பது: மேலே இருக்கும் எழுத்து எந்தப் பேனாவில் பிறந்தது? மூன்று வகை போதும். பட்டை முனைப் பேனா என்றால் தடிமனும் மெலிவும் பேனா பிடித்த கோணத்திலிருந்து வரும். அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒன்றுதான். கூர்முனைப் பேனாவிலும் பிரஷ் பேனாவிலும் அழுத்தம்தான் தடிமன். கீழிறங்கும் கோடு தடிக்கும், மேலேறும் கோடு மெலியும். ஸ்கெட்ச் பேனா, ஜெல் பேனா என்றால் எங்கும் ஒரே தடிமன்.

எழுத்துருக்களுக்கும் இந்தப் பூர்வீகம் உண்டு. காரமான்ட் வகை எழுத்துகள் பட்டை முனையின் வாரிசு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த போடோனி, டிடோ இரண்டும் கூர்முனையின் பேரப்பிள்ளைகள். அதனால்தான் அவற்றில் கம்பம், அதாவது நிற்கும் கோடு, ஒரு தூண், குறுக்குக் கோடு ஒரு மயிரிழை. 1927-இல் வந்த ஃபியூச்சுரா காம்பஸும் ஸ்கேலும் வைத்து வரைந்த மாதிரி இருக்கும். அழுத்தத்தில் பிறந்த எழுத்துக்கு அழுத்தத்தில் பிறந்த எழுத்துரு, ஒரே தடிமனுக்கு ஒரே தடிமன். உறவுமுறை பார்த்துச் சேர்த்தால் பெரும்பாலும் தப்பாது.

தமிழில் ஒரே தடிமன் பக்கம் ஹிந்த் மதுரை, முக்தா மலர், கேட்டமரான் இருக்கின்றன. தடிமன் ஏறி இறங்கும் பக்கம் நோட்டோ செரிஃப் தமிழ், டைரோ தமிழ். நீங்கள் பிரஷ் பேனா என்கிறீர்கள், ஆகவே நோட்டோ செரிஃப் போட்டுப் பாருங்கள்.

பிப்ரவரி 4, இரவு

போட்டுப் பார்க்காதீர்கள். அதாவது, பாருங்கள், ஆனால் காலையில் சொன்ன காரணத்துக்காக வேண்டாம்.

சொன்னதைச் சரிபார்க்கலாம் என்று நானும் உங்கள் வரியையே பிரஷ் பேனாவால் எழுதி, கீழே ஒரு விளக்க வரியை நோட்டோ செரிஃபில் வைத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது அருமை. அச்சடித்துக் கை நீளத்தில் பிடித்துப் பார்த்தேன். காலையில் நான் பேசிய வம்சாவளியில் ஒன்றும் தெரியவில்லை. மேலே இருக்கும் எழுத்தில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் விளக்க வரி நின்றால், அதில் தெரிவது ஒரு சாம்பல் பட்டை மட்டும்தான். அந்தச் சாம்பல் எவ்வளவு கருப்பு என்பதுதான் கண்ணுக்குப் படுகிறது. செரிஃபின் மெல்லிய கோடுகள் சிறிய அளவில் இன்னும் மெலிந்து, வரி சோகை பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் இப்படிச் செய்தேன். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 பிக்சல்) ஸ்கேனில் என் எழுத்தின் மிக மெல்லிய கோட்டை அளந்தேன்: 14 பிக்சல், அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். விளக்க வரியின் எடையையும் (எழுத்துருவின் தடிமனுக்கு அப்படிப் பெயர்) அளவையும் மாற்றி மாற்றி, அதன் கம்பம் அதே 14 பிக்சல் வரும் வரை நகர்த்தினேன். ஹிந்த் மதுரையில் வந்து நின்றது. மேலே இருக்கும் எழுத்து எங்கே மெலிகிறதோ அங்கிருந்து நூல் பிடித்த மாதிரி கீழ் வரி தொடங்குகிறது. செரிஃபிலும் இதே அளவைக் கொண்டுவந்து பார்த்தேன், அதுவும் தேவலை. ஆக, எந்த எழுத்துரு என்பதைவிட எந்த எடை என்பது முதலில் வர வேண்டும்.

வம்சாவளிக் கதையை முழுக்கத் தூக்கிப் போடவில்லை. எழுத்துருவும் பெரிதாக, மேலே இருப்பதில் பாதி உயரத்துக்கு வந்தால் அந்தக் கணக்கு மறுபடி உயிர் பெறும். 16 மணி நேரத்தில் கருத்து மாறியதற்கு யாரும் கேலி செய்ய வேண்டாம்.

பிப்ரவரி 6

எழுத்து இடைவெளி பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆங்கில மேற்கோள் படங்களில் சின்ன வரியைப் பெரிய (கேப்பிட்டல்) எழுத்துகளாக்கி, நடுவில் நன்றாக இடம் விட்டு, மெல்லிய, ஒரே தடிமன் எழுத்துருவில் போடுகிறார்களே, தமிழில் அதைச் செய்யலாமா என்று.

செய்திருக்கிறேன். ஒரு வாசகசாலைக்குப் பலகை. மேலே என் லெட்டரிங் (கையால் வரைந்த எழுத்து), கீழே இரண்டு சொல், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு. நான் பயன்படுத்திய மென்பொருள் இடைவெளியை உயிர்மெய்க்கு நடுவிலும் நுழைத்தது. துணைக்கால் தன் எழுத்தைவிட்டு விலகித் தனியாக நின்றது. தனியாக நிற்கும் துணைக்காலும் ர-வும் பல எழுத்துருக்களில் இரட்டைப் பிள்ளைகள். உங்கள் வரியையே இப்படிப் பரப்பினால் "வைத்தால்" என்பது "வைத்தரல்" ஆகும். என் பலகையில் அதைவிட மோசமான ஒரு சொல் உருவானது, இங்கே எழுத மாட்டேன். சுவரில் மாட்டிய பிறகு ஒரு பள்ளிப் பையன் சத்தமாகப் படித்துக் காட்டினான்.

கொம்புக்கும் இதே கதி. ஒற்றைக்கொம்பு முன்னால் இருக்கும் எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். இப்போதைய மென்பொருள்களில் பல, உயிர்மெய்யை ஒரே கட்டாக வைத்து இடைவெளி விடுகின்றன. உங்களுடையது எந்த ரகம் என்று "கொ" என ஒரே ஓர் எழுத்தைப் பரப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒழுங்காகப் பரப்பினாலும்கூட எனக்குப் பிடிப்பதில்லை. தமிழ் எழுத்து ஏற்கெனவே அகலம். ண, ஞ, ஔ எல்லாம் ஆளுக்கொரு பாய் விரித்துப் படுத்திருக்கும்போது நடுவில் இன்னும் எதற்கு இடம்?

பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமும் தமிழில் கிடையாது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துருவை முழுப் பெரிய எழுத்தாக்கினாலே இன்னொரு குரல் கிடைத்துவிடுகிறது. நமக்கு அந்த வசதி இல்லாததால் எடை, அளவு, நிறம் மூன்றையும் வைத்தே சமாளிக்க வேண்டும்.

பிப்ரவரி 6, கொஞ்சம் கழித்து

எடை என்றதும் ஞாபகம் வந்தது. பவனம், மீரா இனிமை, காய்னி, கவிவாணர் எல்லாம் ஒரே எடையில் மட்டும் வரும் எழுத்துருக்கள். அவற்றில் 'தடிப்பு' பொத்தானை அமுக்கினால் மென்பொருள் தானாக ஒரு பூச்சு பூசித் தடியாக்கும். சுழிகள் அடைத்துப்போகும். ண-வில் மூன்று சுழி இருந்ததா இரண்டு இருந்ததா என்று தேட வேண்டியிருக்கும். 14 பிக்சல் விளையாட்டு விளையாட வேண்டுமானால் நிறைய எடை உள்ள குடும்பமாக எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டமரானில் 9 எடை, ஹிந்த் மதுரையில் 5.

பிப்ரவரி 9

இன்று ஒரு சிக்கல் பிடிபட்டது. இது எழுத்துரு பற்றியது மாதிரியே தெரியாது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆங்கில மேற்கோள் வடிவமைப்பில் ஒரு வாடிக்கை உண்டு. முக்கியமான சொற்களைக் கையால் பெரிதாக எழுதுவார்கள். நடுவில் வரும் 'தி', 'அண்ட்', 'ஆஃப்' போன்ற துண்டுச் சொற்களை வேறோர் எழுத்துருவில் பொடியாக, இரண்டு பக்கமும் ஒரு கோடு போட்டு, இடுக்கில் செருகுவார்கள். இரண்டு எழுத்துருக்களைச் சேர்ப்பது பற்றி எழுதப்படும் அறிவுரைகளில் பாதி இந்த இடுக்கை நம்பித்தான் இருக்கிறது. நானும் பல வருடம் அதைத் தமிழில் செய்யப் பார்த்து, ஏன் வரவில்லை என்று கையை நொந்துகொண்டிருக்கிறேன்.

தமிழில் துண்டுச் சொல் எங்கே இருக்கிறது? உங்கள் பழமொழியில் ஆறு சொல். 'அம்மிகூட' என்கிற அழுத்தம் முழுக்க 'உம்'-இல் இருக்கிறது, அது அம்மியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றி வேறு எழுத்துருவில் பொடியாகப் போட முடியுமா? நிபந்தனை முழுவதும் 'வைத்தால்' என்ற சொல்லின் 'ஆல்'-இல். வேற்றுமை, காலம், இடம் எல்லாம் சொல்லின் வாலிலேயே தொங்குகின்றன. செருகுவதற்குத் தோதாக மிஞ்சுவது 'மேல்' ஒன்றுதான். அதைச் சின்னதாக்கினால் 'அடி அடி' என்று பெரிதாகத் தெரியும். பழமொழி போய்ச் சண்டைக் கூச்சல் ஆகிவிடும்.

ஆகவே ஒரே மேற்கோளுக்குள் இரண்டு குரல் கலப்பது தமிழில் அநேகமாக நடக்காது. சிறிய சொற்களாலான வரியாக அமைந்தால் உண்டு: 'ஒரு', 'என்று', 'தான்' வரும் வரிகள். மற்றபடி மேற்கோள் முழுவதையும் கைக்கு விட்டுவிட்டு, வெளியே இருக்கும் வரிக்கு மட்டும் எழுத்துரு: சொன்னவர் பெயர், விளக்கம், மொழிபெயர்ப்பு. அந்த வரிக்குத் தனக்கென்று ஒரு வேலை இருப்பதால் அமைதியான எழுத்துருவே போதுமானதாகிவிடுகிறது.

பலூ தம்பி மாதிரி குண்டு எழுத்துருவையும் மெல்லிய கையெழுத்தையும் சேர்த்து ஒரே வரியில் அசத்தியிருக்கிறார்கள் என்று யாராவது ஒரு படத்தைக் காட்டுவீர்கள். பார்த்திருக்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. அதில் மூன்றே சொல், மூன்றுக்கும் சம மரியாதை.

பிப்ரவரி 10

கேள்வி கேட்டவர் தன் விளக்க வரியை அனுப்பியிருக்கிறார்: "விடாமுயற்சி மலையையும் அசைக்கும்." அம்மியை நகர்த்தச் சொன்னால் மலையையே அசைக்கிறார், சரி. நான் பார்த்தது லை-யை.

நான் கையால் எழுதும்போது லை-க்குப் பழைய தும்பிக்கை போட்டுத்தான் எழுதுவேன். இணைக்கொம்பு தனியாக முன்னால் வராமல், ல-வின் தலையிலேயே யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு. எனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். லெட்டரிங்கில் அது பெரிய வரம், ஒரு சொல்லின் நடுவில் இலவசமாக ஒரு அலங்காரம். ஆனால் 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு அச்சு மாறிவிட்டது. இப்போதைய எழுத்துருக்களில் பெரும்பாலானவை புதிய வடிவத்தையே தருகின்றன. பெரியார் 1935-லேயே குடியரசு இதழில் புழங்கத் தொடங்கிய வடிவங்கள்தான் அவை. மொத்தம் பத்துப் பன்னிரண்டு எழுத்து.

சிக்கல் எங்கே வருமென்றால், மேலே கையால் தும்பிக்கை லை, கீழே டைப்பில் கொம்பு லை. ஒரே தாளில் ஒரே எழுத்துக்கு இரண்டு ஸ்பெல்லிங் மாதிரி. எத்தனை அழகான ஜோடி எழுத்துரு தேடினாலும் இந்த ஒன்று கெடுத்துவிடும். உங்கள் பழமொழியில் வருவது வை. அதற்குத் தும்பிக்கை எந்தக் காலத்திலும் கிடையாது, தப்பித்தீர்கள்.

பிப்ரவரி 10, மறுபடி

பத்துப் பன்னிரண்டு என்று மழுப்பியதை ஒருவர் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்து எண்ணினேன். ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை. 13.

பிப்ரவரி 13

பழைய சிடி ஒன்றிலிருந்து எடுத்த அலங்கார எழுத்துருக்களைப் பற்றிக் கேட்டவருக்கு: அவை யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவின் காலத்து ரகம். ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். பாமினியில் "அம்மா" என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவை மாற்றினால் சொல் காணாமல் போய் அந்த ஐந்தும் பல்லிளிக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒவ்வொன்றாக மாற்றும் நம் வேலைக்கு இது ஆகவே ஆகாது.

எனக்கு நடந்தது: ஒரு வாடிக்கையாளருக்கு அந்த ரகத்தில் விளக்க வரி வைத்து, எழுத்துகளை வெறும் கோட்டு வடிவமாக மாற்றாமல் கோப்பை அனுப்பினேன். அவரிடம் அந்த எழுத்துரு இல்லை. கையால் எழுதிய பகுதி மட்டும் தமிழ், கீழே ஏதோ ரகசியச் சங்கேதம். அவர் அதை ஆங்கில மொழிபெயர்ப்பு என்று நினைத்து "கொஞ்சம் எளிமையான ஆங்கிலமாக மாற்றித் தாருங்கள்" என்று பதில் போட்டிருந்தார்.

அந்த எழுத்துருவின் உருவம்தான் வேண்டுமென்றால் தட்டச்சு செய்து கோடாக மாற்றிப் படமாக வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் இருந்தால். திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவற்றை வைத்துச் செய்த படத்தை விற்கத் தடை இல்லை, எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது. சிடியில் வந்தவற்றுக்கு என்ன உரிமம் என்பதை சிடியைத்தான் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 17

இரண்டு வாரமாக நான் சொன்னது எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தவறான வரிசை இருக்கிறது. நீங்கள் எழுதிவிட்டீர்கள், அதற்கு எழுத்துரு தேடுகிறீர்கள். நானும் அதே திசையில் தேடிக்கொண்டிருந்தேன். இன்று ஒரு புதிய வேலைக்கு உட்கார்ந்தபோது தற்செயலாக வரிசை மாறியது. விளக்க வரி நீளமாக இருந்ததால் அது எத்தனை இடம் பிடிக்கும் என்று பார்க்க முதலில் அதை அச்சடித்தேன். அதன் மேல் டிரேசிங் தாளைப் போட்டு, மேலே காலியாக இருந்த இடத்தில் பென்சிலால் மேற்கோளை எழுதத் தொடங்கினேன்.

கை தானாக ஒத்துப்போனது. கீழே அச்சில் இருந்த ம-வின் வலப்பக்க வளைவு கொஞ்சம் சதுரமானது. என் ம எப்போதும் உருண்டை. கண்ணுக்கு முன்னால் அது இருந்ததால் என் ம-வும் தோளைத் தூக்கிக்கொண்டது. அச்சு எழுத்தில் கோடுகள் நறுக்கென்று முடிந்தன. நானும் வாலை இழுக்காமல் நிறுத்தினேன். மூன்றாவது வரைவில் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. தேடல் என்று ஒன்று நடக்கவே இல்லை.

எழுத்துரு ஒருவர் வடித்து முடித்த பொருள். அதில் நான் மாற்றக்கூடியது எடையும் அளவும்தான். கை என்னுடையது, எப்படியும் வளையும். வளையாததை முதலில் வைத்துக்கொண்டு வளைவதை அதற்கேற்ப வளைப்பது எவ்வளவு சுலபம்! இதைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வருடமா என்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

17 எழுத்துரு பார்த்தவருக்கு: பதினேழில் உங்களுக்கு எது படிக்கச் சுகமாக இருந்ததோ அதை வைத்துக்கொண்டு, மேற்கோளை இன்னொரு முறை எழுதுங்கள். ஆறு சொல்தானே.

பிப்ரவரி 18

"எழுத்துருவைப் பார்த்து வரைவதானால் கையால் எழுதுவது எதற்கு?" நியாயமான அடி.

பார்த்து வரையச் சொல்லவில்லை. இரண்டு விஷயத்தை மட்டும் கடன் வாங்குகிறேன்: சுழியின் அளவு, கோடு முடியும் விதம். சாய்வை வாங்கக் கூடாது, எழுத்துகளின் அகலத்தை நிச்சயமாக வாங்கக் கூடாது. அகலத்தையும் வாங்கினால் என் எழுத்து அந்த எழுத்துருவின் கோணலான நகலாகிவிடும். ஒரு முறை ஆகியும் இருக்கிறது. "இது என்ன ஃபாண்ட், கொஞ்சம் சரியில்லையே" என்றார்கள். இரண்டு நாள் உழைப்பு.

இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். நேற்று எழுதிய உற்சாகத்தில் எல்லா எழுத்தும் வளையும் என்ற தொனி வந்துவிட்டது. முரட்டுத் தூரிகையால் ஒரே மூச்சில் இழுத்த எழுத்து வளையாது, வளைத்தால் அதன் உயிர் போய்விடும். அந்த மாதிரி எழுத்துக்கு மறுபடி 4ஆம் தேதி இரவுக் குறிப்புக்கே போக வேண்டியதுதான்: மெல்லிய கோட்டை அளந்து எடையைப் பொருத்துவது. காலைக் குறிப்புக்குப் போகாதீர்கள்.

பிப்ரவரி 22

ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்க்கச் சொல்கிறார்களாம். ஆக மூன்று குரல்: கை, தமிழ் அச்சு, லத்தீன் அச்சு.

மூன்றாவதற்கென்று தனியாகத் தேடாதீர்கள். தமிழும் லத்தீனும் ஒரே பட்டறையில் வடிக்கப்பட்ட குடும்பம் ஒன்றை எடுங்கள். கேட்டமரான், முக்தா மலர், அனேக் தமிழ் எல்லாவற்றிலும் இரண்டும் உண்டு. கோட்டுத் தடிமன், உயரம் இரண்டையும் வடித்தவர்களே பொருத்தி வைத்திருப்பார்கள். வெவ்வேறு எழுத்துருவாக எடுத்தால் ஒரே எழுத்தளவு கொடுத்தாலும் உயரம் ஒன்றாக வராது. கண்ணால் பார்த்து ஒன்றை ஏற்றி இறக்க வேண்டும், ஏற்றினால் தடிமன் மாறும், தடிமனைச் சரி செய்தால்... பூனை தன் வாலைத் துரத்தும் வேலை.

அனேக்கில் எடையோடு அகலத்தையும் இஷ்டப்படி நகர்த்தலாம், 75-லிருந்து 125 விழுக்காடு வரை. ஒரே செய்தி தமிழில் நீளும், ஆங்கிலத்தில் பல சமயம் குறுகும். தமிழ் வரியைச் சற்று ஒடுக்கி, ஆங்கிலத்தைச் சற்று விரித்து, இரண்டையும் ஒரே நீளத்தில் நிறுத்த முடிகிறது. 85-க்குக் கீழே நான் தமிழை ஒடுக்குவதில்லை. ஓரளவுக்கு மேல் ண-வும் ன-வும் ஒன்றின் சட்டையை ஒன்று போட்டுக்கொள்கின்றன.

ஆங்கில வரியைப் பெரிய எழுத்துகளில் மட்டும் போட வேண்டாம். எல்லா எழுத்தும் முழு உயரத்தில் நிமிர்ந்து, தமிழ் வரி அதன் கீழே குனிந்து நிற்கிற மாதிரி ஆகும்.

பிப்ரவரி 26

இன்று சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கையெழுத்தையும் எழுத்துருவையும் சேர்ப்பதில் ஓரம் ஒரு பிரச்சினை. அச்சு எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டினது, மையின் ஓரம் பொரபொரப்பு. இரண்டையும் ஒரு தாளில் வைத்தால் ஒன்று ஒட்டுப்போட்டது மாதிரி தெரியும். ஒன்று, மையின் ஓரத்தைத் துடைத்துச் சுத்தமாக்கலாம். அல்லது எழுத்துரு வரியை அச்சடித்து, அதையும் ஸ்கேன் செய்து, இரண்டுக்கும் ஒரே பொரபொரப்பு தரலாம். எனக்கு இரண்டாவது பிடிக்கும். ஆனால் சோம்பல். முதலாவதைச் செய்தேன். ஸ்கேனில் விழுந்த தூசியை நீக்கும் வடிகட்டி ஒன்றை ஓட்டினேன், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கும் கறுப்புத் துணுக்குகளைத் தின்றுவிடும் ரகம். அப்புறம் வெக்டராக்கி (கோட்டு வடிவமாக மாற்றி), விளக்க வரி சேர்த்து, எடை பொருத்தி, பெருமையோடு அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன்.

"அடி மேல அடி வைத்தால் அமமியும் நகரும்."

இரண்டு புள்ளியைத் தூசி என்று தின்றுவிட்டது. மொத்தம் ஆறு புள்ளி, நாலு தப்பியது. அவற்றை மட்டும் கொஞ்சம் அழுத்திக் குத்தியிருக்கிறேன் போல. மூன்று நாள் சுவரில் இருந்தது, எனக்குத் தெரியவே இல்லை. எழுத்துரு எழுத்துரு என்று கீழ் வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓலையில் எழுதிய காலத்தில் ஓலை கிழியும் என்று புள்ளியே வைக்க மாட்டார்கள், நான் மரபைக் காத்தேன் என்று சொல்லிச் சமாளிக்கலாமா? முடியாது. அந்த மரபில் நாலு புள்ளியும் இருந்திருக்கக் கூடாது. இரட்டைக்கொம்பும் இருந்திருக்கக் கூடாது, அது 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தது. 'மேல்' என்பது 'மெல' என்றுதான் ஓலையில் இருந்திருக்கும். மரபைப் பாதி காப்பதற்குப் பெயர் எழுத்துப்பிழை.

இனி புள்ளிகளை எழுத்தோடு ஒட்டிய கோட்டின் தடிமனுக்குச் சமமாக வைக்கப் போகிறேன். எழுத்துருக்களில் புள்ளி ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பல வருடம் எரிச்சல்பட்டிருக்கிறேன். வாபஸ்.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் முடித்த படத்தை அனுப்பியிருக்கிறார். விளக்க வரியை எடுத்துவிட்டாராம். ஆங்கிலத்தையும். "பழமொழிக்கு எதற்கு விளக்கம், எல்லோருக்கும் தெரியும்தானே" என்கிறார். பதினெட்டாவது எழுத்துரு வரை போயிருக்கிறார் மனிதர்.

படம் நன்றாக இருக்கிறது. மறுபடி எழுதியிருக்கிறார் என்று தெரிகிறது, மூன்று அ-வுக்கும் இப்போது ஒரே வீட்டுச் சாயல். ஆறு புள்ளியும் இருக்கின்றன, எண்ணிவிட்டேன். மூன்றாவது வரியில் யு-வின் வால் மட்டும் கீழே இறங்கி 'நகரும்' ரு-வின் தலையில் இடிக்கிறது. கடைசி வரியை இரண்டு மில்லிமீட்டர் இறக்குங்கள்.